டைமிங் இல்லை, சேறு

பெரியப்பாவின் காரில் சத்தம் வந்ததற்குக் காரணம் சேறு. டைமிங் இல்லை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் சொந்தத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே, "ஒன் மாமன்தானே அந்தக் காருக்கு டைமிங்கைத் தப்பா வச்சுக் கெடுத்தவன்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். முப்பது வருஷம் ஆகிறது. அந்தக் கார் இப்போது இல்லை, பெரியப்பாவும் இல்லை. அந்தப் பொய் மட்டும் குத்துக்கல் மாதிரி இருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டேன். பாயசம் நன்றாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

எங்கள் வீடு திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தது. கூட்டுக் குடும்பம். பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அப்பா அவருக்குத் தம்பி. தம்பியாக இருப்பதையே முழுநேர வேலையாகச் செய்துகொண்டிருந்தவர். பள்ளிக்கூடத்துக்கு எனக்குப் புதுப் பை வாங்குவதிலிருந்து வயலில் என்ன விதை போடுவது என்பது வரை எதைக் கேட்டாலும் "அண்ணன் சொல்லட்டும்" என்பார். அவர் வாயிலிருந்து வேறு பதில் வந்து நான் கேட்டதில்லை.

கார் பெரியப்பாவுடையது. அப்பாவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே வாங்கியது. கரும்பச்சை நிறம், மூக்கு உருண்டையாக இருக்கும், பின்சீட்டில் நாங்கள் பிள்ளைகள் ஆறு பேர் தாராளமாக அடையலாம். அந்தக் கார் அத்தனை வருஷம் ஓடியதற்குக் காரணம் காவேரித் தண்ணீர்தான் என்பது பெரியப்பாவின் கட்சி. போர்த் தண்ணீர் உப்பு, ரேடியேட்டரை அரித்துவிடும் என்பார். அது வாஸ்தவம்தான், அதோடு நிறுத்தியிருந்தால் நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் அவர் எதையும் அதோடு நிறுத்துகிற ஆளில்லை.

ஆடிப் பதினெட்டு அன்று புதுத் தண்ணீர் செக்கச்செவேலென்று நுரைத்துக்கொண்டு வரும். படித்துறையில் பெண்கள் காதோலை கருகமணி விட்டு, கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருப்பார்கள். பெரியப்பா காரைக் கரையோரம் கொண்டுவந்து நிறுத்தி, அதன் ஸ்டியரிங்குக்கும் ஒரு மஞ்சள் கயிறு கட்டுவார். பிறகு பித்தளைக் குடத்தில் அந்தச் சிவப்புத் தண்ணீரை மொண்டு, வேட்டித் துணியில் வடிகட்டி, ரேடியேட்டருக்கு ஊற்றுவார். உள்ளே இருக்கும் பழைய தண்ணீரை முழுக்க இறக்குவதும் கிடையாது. அதுவும் காவேரிதானே, கீழே கொட்டலாமா? இப்படியே வருஷா வருஷம் நடந்தது. வடிகட்டிய துணியில் விரல் கனத்துக்கு வண்டல் நிற்கும். துணிக்குத் தப்பியது எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. புனலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். நானும் கேட்கவில்லை.

எனக்குப் பத்து வயதான வருஷம், ஆவணி பிறந்ததும் கார் சத்தம் போட ஆரம்பித்தது. எங்கள் பக்கம் மேடு என்று ஒன்று இருந்தால் அது ஆற்றுப் பாலத்துக்கு ஏறுகிற சரிவுதான். மற்றபடி எங்கே பார்த்தாலும் சமதரை, நெல். காரில் நாலைந்து பேரை ஏற்றிக்கொண்டு அந்தச் சரிவில் ஏறும்போது மட்டும், தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி முன்னாலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வரும். பாலத்தின் மேலே ஏறிவிட்டால் நின்றுவிடும். பெரியப்பா ஒரு மாதம் அந்தச் சத்தத்தையே கேட்கவில்லை. பிறகு பாலத்தில்தான் ஏதோ ஆடுகிறது என்றார். பொதுப்பணித் துறைக்கு ஒரு மனு எழுதிப் போடும்படி அப்பாவிடம் சொன்னார். அப்பா எழுதியும் விட்டார், கொடுமை.

கடைசியில் ஒருநாள் அவருடைய சம்பந்தி வீட்டாரை ஏற்றிக்கொண்டு போகும்போது, சம்பந்தி, "என்ன, இன்ஜின் இப்படி அடிக்குது?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்த பெரியப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று, சமையலறைப் பக்கம் பார்த்து, "ஒன் தம்பி கை வச்சதுலேருந்துதான் இந்தக் கேடு!" என்று கத்தினார்.

சமையலறையில் இருந்தது என் அம்மா. அவள் தம்பி, அதாவது என் மாமா, திருக்காட்டுப்பள்ளி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். அந்தச் சுற்றுவட்டாரத்துப் பழைய கார்கள் எல்லாம் அவரிடம்தான் வரும். கார் வைத்திருந்தவர்களுக்கு அவர்மேல் அப்படி ஒரு நம்பிக்கை. பெரியப்பாவின் காருக்கு மட்டும் அவர் காசு வாங்குவதில்லை, அக்காவைக் கொடுத்த வீடு என்பதால். சித்திரையில்தான் அதற்குச் சில்லறை வேலை பார்த்துக் கொடுத்திருந்தார். நாலு மாதம் ஒழுங்காக ஓடியதே என்று யாராவது பெரியப்பாவைக் கேட்டார்களா? மூச்!

இந்தக் கூத்து நடக்கிற அதே வாரத்தில் அம்மாவுக்கு ஒரு கவர் வந்தது. கல்யாணத்துக்கு முன்பு வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்து வைத்திருந்த ஆசிரியை வேலை, பதிமூன்று வருஷம் கழித்துக் கூப்பிட்டிருந்தது. கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். பதினைந்து நாளைக்குள் போய்ச் சேராவிட்டால் வேலை கிடையாது. தினமும் போய் வரமுடியாத தூரம் என்பதால், திங்கள் முதல் வெள்ளி வரை அங்கேயே இன்னொரு டீச்சரோடு அறை எடுத்துத் தங்கவேண்டும். அப்பா வழக்கம்போல "அண்ணன் சொல்லட்டும்" என்றார். அண்ணன், "காரு விவகாரம் முடியட்டும், அப்பறம் பேசிக்கலாம்" என்றார். ஒரு பொம்பளையின் வேலைக்கும் ஒரு காரின் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றைக்குக் கேட்கிறேன். அன்றைக்கு எனக்கு அது சாதாரணமாகத்தான் பட்டது. அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான் நடக்கும். அம்மா அந்த வேலை உத்தரவை சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். ஒரு நாளைக்கு நாலு தடவை எடுத்துத் தேதியைப் பார்த்துவிட்டு வைப்பாள்.

எட்டு நாள் போனபிறகு பெரியப்பா காரை மாமாவிடமே அனுப்பினார். சும்மா அனுப்பவில்லை. காலாண்டு லீவில் வீட்டில் இருந்த என்னையும் சேர்த்து அனுப்பினார். ஒரு நோட்டும் பேனாவும் கையில் கொடுத்து, "அவன் என்னென்ன கழட்டுறான், என்னென்ன மாட்டுறான், ஒண்ணு விடாம எழுதிக்கிட்டு வரணும். இதுல இருக்கறதெல்லாம் ஒரிஜினல் சாமான். உருவிட்டு டூப்ளிகேட்டைப் போட்டுட்டான்னா நமக்குத் தெரியாது" என்றார்.

யோசித்துப் பாருங்கள். காசு வாங்காமல் வேலை பார்க்கிற மனிதனுக்கு, அவன் அக்கா பெண்ணையே காவல் போடுவது. என்ன நெஞ்சழுத்தம்! ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும், எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை. வகுப்பு லீடருக்குக்கூட அப்படி ஒரு பொறுப்பைக் கொடுத்ததில்லை. நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன்.

மாமா நோட்டைப் பார்த்தார். ஒரு நிமிஷம் முகம் சுண்டிப்போயிற்று. பிறகு, "வாங்க மேடம், ஒக்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நாலு பிளக்கையும் ஒவ்வொன்றாகக் கழற்றி என் மூக்குக்கு நேரே காட்டி, எழுதியாயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டார். இருந்த பெட்ரோலை இறக்கிவிட்டு வேறு பங்கிலிருந்து வாங்கி ஊற்றிப் பார்த்தார். டைமிங்கைப் பார்த்தார். எந்த நொடியில் பெட்ரோலுக்குத் தீ வைக்க வேண்டும் என்பதுதான் டைமிங், அது முந்திக்கொண்டால் இன்ஜின் இப்படித்தான் அடிக்கும் என்று எனக்கு விளக்கினார். அது அவர் சித்திரையில் வைத்த இடத்திலேயே, மயிரிழை நகராமல் இருந்தது. நான் என் கையால் எழுதினேன்: டைமிங் - சரியாக இருக்கிறது. இதை நான் எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

மறுநாள் பின்சீட்டில் நாலு மூட்டை நெல்லை ஏற்றினார், சம்பந்தி வீட்டாருக்குப் பதிலாக. காலையில் குளிர்ந்த இன்ஜினோடு பாலத்தில் ஏறினோம். சத்தமே இல்லை. மறுபடி ஏறினோம், இல்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவர் காரைக் கல்லணை வரைக்கும் விட்டு, திரும்பி வந்து ஏறினார். கடகடகட. மாமா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு! பாலத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்தி பானட்டைத் திறந்து, "ரேடியேட்டரைத் தொடு பாப்பா. மெதுவா, ஒரே ஒரு விரலால" என்றார். மேல்பக்கம் சுட்டது. "கீழ தொடு" என்றார். கீழ்ப்பாதி, இப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி ஜில்லென்று இருந்தது.

தண்ணீர் ஓடவில்லை. உள்ளே அடைத்துக்கொண்டிருக்கிறது. சூடு வெளியேற வழியில்லாமல் இன்ஜின் காய்கிறது, காய்ந்துபோன இன்ஜினுக்குள் பெட்ரோல் டைமிங்குக்குக் காத்திராமல் தானாகவே வெடிக்கிறது. அந்தச் சத்தம்தான் இது. காதை வைத்து, கையை வைத்து, நெல் மூட்டையை வைத்து அதைக் கண்டுபிடித்த ஆளைத்தான் ஊர் கூடி டைமிங் தெரியாதவன் என்றது. வயிறு எரியாதா?

மூன்றாம் நாள் ரேடியேட்டரைக் கழற்றினார். இன்ஜின் பக்கவாட்டில், எட்டணாக் காசைப் பெரிதாக்கின மாதிரி இருந்த தகர மூடிகளையும் நெம்பி எடுத்தார். உள்ளே சேறு. கம்பியை விட்டுக் குடைந்து, ஹோஸை வைத்துப் பீய்ச்ச, செக்கச்செவேலென்று கட்டி கட்டியாக வந்து விழுந்தது. என் பாவாடையெல்லாம் தெறித்தது. வாளி நிறைந்து, இன்னொரு வாளியில் பாதி வந்தது. "பாப்பா, இதுல ஒரு போகம் குறுவை போடலாம்" என்றார் மாமா. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நான் கொட்டை எழுத்தில் எழுதினேன்: காவேரிச் சேறு - ஒன்றரை வாளி. பெரியப்பா ஊற்றியது.

எல்லாவற்றையும் மாட்டி, நல்ல தண்ணீர் ஊற்றி, மூட்டைகளோடு பாலத்தில் மூன்று தடவை ஏறி இறங்கினோம். இன்ஜின் பூனை மாதிரி இருந்தது. திரும்பி வந்தபிறகு மாமா கை கழுவிக்கொண்டே, "பெரிய மச்சான் அம்மா வேலை விஷயமா ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டார்.

"காரு முடிஞ்சப்பறம்தானாம்."

"கடைசி நாள் எப்ப?"

"திங்கக்கெழமை. அம்மா இன்னும் நாலு நாள்தான்னு சொல்லிக்கிட்டே இருக்கு."

அவர் அந்த வாளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். கழுவின கையைத் துடைக்கக்கூட இல்லை. பிறகு ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். "பாப்பா, அந்தச் சேறு வரியை மட்டும் அடிச்சுடு."

"ஏன் மாமா? நெசந்தானே?"

"நெசந்தான். அடிச்சுடு. பழைய வண்டி, சுத்தம் பண்ணேன், சரியாயிடுச்சுன்னு சொல்லிக்கலாம். அது போதும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று நாள் வேலையில் அந்த ஒரு வரிதான் வரி. திருடன் மாதிரி நினைத்து உங்களுக்குக் காவல் போட்டாரே, அவர் ஊற்றின சேற்றை அவர் மூஞ்சிக்கு முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டாமா என்று கத்தினேன். கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் கத்தினேன். மாமா அடித்துவிடு என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சரி என்று அடித்தேன். அடித்தேன் என்றால் சாதாரணமாக இல்லை. பேனாவை அழுத்திப் பத்துத் தடவை, பதினைந்து தடவை, காகிதம் கிழிந்து அடுத்த பக்கத்தில் மை இறங்குகிற வரை அடித்தேன். இங்கே ஒன்று இருந்தது, அதை மறைக்கச் சொன்னார்கள் என்று குருடனுக்கும் தெரியவேண்டும் என்றுதான் அப்படி அடித்தேன்.

மறுநாள் காலை பெரியப்பா வீட்டிலிருந்த அத்தனை பேரையும் காரில் திணித்துக்கொண்டு பாலத்துக்குப் போனார். கார் சத்தமில்லாமல் ஏறியது. திரும்பி வந்ததும் மாமாவைக் கூப்பிட்டனுப்பி, பக்கத்து வீட்டார் நாலு பேர் இருக்க, கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நோட்டைக் கொண்டா குட்டி" என்றார். ஒவ்வொரு வரியாகச் சத்தம் போட்டுப் படித்தார். பிளக் நாலு, கழற்றி மாட்டினார். பெட்ரோல், மாற்றினார். அடுத்து டைமிங் என்று தொடங்கியவருக்கு என் எழுத்தைச் சரியாகப் படிக்கும் முன்பே அதற்கும் கீழே கண் போய்விட்டது. கிழிந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இதென்ன அடிச்சிருக்கு?"

"யாரு அடிக்கச் சொன்னது?" என்று என்னைப் பார்த்தார். நான் காத்துக்கொண்டிருந்ததே இதற்குத்தான். வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"நான்தாங்க மச்சான் அடிக்கச் சொன்னேன். சித்திரையில டைமிங்கக் கொஞ்சம் முன்னாடி வச்சுட்டேன். அதான் சத்தம். பாப்பா அதை எழுதிடுச்சு. நாலு பேரு பாத்தா வெக்கமா இருக்கும்னு அடிக்கச் சொன்னேன்."

"அப்பவே சொன்னேன்ல!" என்று தொடையில் தட்டினார் பெரியப்பா. அந்த மனிதர் அத்தனை சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டார் ஒவ்வொருவர் பக்கமாகவும் திரும்பி, "கேட்டீங்களா? டைமிங்காம்!" என்றார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் "பொய்!" என்று கத்தினேன். சிரிப்புச் சத்தத்தில் அது யார் காதிலும் ஏறவில்லை, அல்லது ஏறாத மாதிரி இருந்தார்கள். சமையலறை வாசலில் அம்மா நின்றிருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் என் பாவாடையிலிருந்த சிவப்புச் சேற்றை அரைமணி நேரம் கும்மித் துவைத்தவள் அவள். எங்கே விழுந்து புரண்டாய் என்றுகூட அவள் கேட்கவில்லை.

சிரித்து முடித்த பெரியப்பாவுக்குத் தாராள மனசு வந்துவிட்டது. தப்பை ஒத்துக்கொண்டான் பார், அதுதான் பெரிய விஷயம் என்று மாமாவின் முதுகில் தட்டினார். பிறகு அம்மா இருந்த பக்கம் திரும்பாமலே, "அந்தக் கீழ்வேளூர் வேலைக்குப் போறதுன்னா போகட்டும். கவர்மென்ட் சம்பளத்த எதுக்கு வுடணும்?" என்றார். அப்பா உடனே, "அண்ணன் சொல்லிட்டாரு" என்றார்.

இதில் எதுவும் எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்கு வேலை கிடைத்தது ஒரு விஷயம், மாமா பொய் சொன்னது வேறு ஒரு விஷயம், அவ்வளவுதான் என் கணக்கு. கோழை, பெரியப்பாவுக்குப் பயந்து பொய் சொன்ன ஆள் என்று முடிவு கட்டினேன். அவரோடு பேசுவதை அன்றோடு நிறுத்தினேன்.

பெரியப்பா அந்தக் கதையை டீக்கடை, உரக்கடை, கல்யாணவீடு என்று ஓரிடம் பாக்கி விடவில்லை. அவனே ஒத்துக்கொண்டான் என்று முடிப்பார். பொங்கலுக்குள் மாமாவின் ஒர்க்‌ஷாப்பில் பழைய கார் ஒன்றுகூட இல்லை. தன் வாயாலேயே டைமிங்கைத் தப்பாக வைத்தேன் என்று சொன்ன மெக்கானிக்கிடம் எவன் கார் விடுவான்? பம்புசெட்டும் டிராக்டரும்தான் வந்தன. பள்ளிக்கூடம் போகிற வழியில் அதைப் பார்த்துக்கொண்டே போவேன். பொய் சொன்னதற்கு நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். பழைய வண்டி, சுத்தம் பண்ணேன் என்பதோடு அவர் முடித்திருப்பாரே, டைமிங் என்று சொல்லவைத்தது என் பேனாதானே என்பது, சாமி சத்தியமாக, அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கீழ்வேளூரிலிருந்து மூன்று பஸ் மாறி அம்மா வருவாள். நான் பஸ் நிறுத்தத்தில் காத்திருப்பேன். இறங்கியதும் என் தலையைத் தடவிவிட்டு, ரோட்டைக் கடந்து நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போவாள். அங்கே ஒரு கால்மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். வா என்று கையைக் காட்டுவாள். மாமாவும் தலையைத் தூக்கி, "வா பாப்பா" என்பார். அஞ்சு நாள் என்னைப் பார்க்காமல் இருந்துவிட்டு, முதலில் போய்ப் பார்க்க அந்தப் பொய்க்காரர்தான் கிடைத்தாரா என்று எனக்கு ஆங்காரம் வரும். கையைக் கட்டிக்கொண்டு, ரோட்டுக்கு இந்தப் பக்கமே, நியாயம் முழுக்க என்னிடம்தான் இருக்கிறது என்று நின்றுகொண்டிருப்பேன்.